சீன நாட்டுப் போர்க்கலையும் ஆசிரியரின் கண்டிப்பும்

கண்டிப்புள்ள ஆசிரியரிடத்திலேயே உயர்ந்த மாணாக்கன் தோன்றுவான் என்பது சீன மக்களிடையே நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. நம் நாட்டார் கூறும் ‘அடியாத மாடு படியாது’ என்பதனை இதற்கு நிகராக எண்ணுவார் பலர். யானும் அங்ஙனமே எண்ணியிருந்தேன். அந்நாட்டுப் போர்க்கலை ஆசிரியர் சிலருடைய வரலாறுகளைப் படித்தபின் அவ்வெண்ணம் மாறிற்று. மாடு படிதற்குக் கோல் ஒன்றே போதும். மாணாக்கன் தோன்றுதற்கு ஆசிரியன் எவற்றில் கண்டிப்பாயிருத்தல் வேண்டும், எவற்றில் இருத்தலாகாது என்பதில் சீனருள்ளேயே பெரியதொரு வழக்கு நடந்திருக்கின்றது. அவ்வழக்கினை இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம். போர்க்கலை என்றவுடன் வெள்ளித்திரையில் கூரைக்குக் கூரை தாவுவோரை நினைக்கும் நண்பர்கள் என்னைப் பொறுத்தருள்க. இதில் தாவுதல் மிகக் குறைவு, நிற்றலே மிகுதி.

தமிழ் பயில்வோனுக்குச் சொல்லினின்று தொடங்குதல் இயல்பு. நம்மவர் குங்ஃபூ என வழங்கும் சொல்லுக்குச் சீன மொழியில் போர் என்பது நேர்ப்பொருள் அன்று. நெடிய காலத்தையும் உழைப்பையும் செலவிட்டு ஒருவன் எய்திய திறமே குங்ஃபூ. கைதேர்ந்த சமையற்காரனிடத்தும், தூரிகையால் எழுத்தெழுதுவானிடத்தும் குங்ஃபூ உண்டென்பர் அந்நாட்டார். போர்க்கலைக்குரிய பெயர் வூஷூ. அதன்கண் ‘வூ’ என்னும் எழுத்து, நிறுத்துதலைக் குறிக்கும் உருவும் படைக்கலத்தைக் குறிக்கும் உருவும் கூடியமைந்தது என்றும், படையை நிறுத்துவதே மெய்வீரம் என்பது அதன் கருத்தென்றும் பண்டைச் சீனர் உரை கண்டனர். இக்கால எழுத்தாராய்ச்சியாளர் இதனை ஒப்புவதில்லை. நிறுத்துதல் எனக் கொள்ளப்பட்ட உரு ஆதியில் காலடியைக் குறித்ததென்றும், படைக்கலம் ஏந்தி நடத்தலே அவ்வெழுத்தின் முதற்பொருள் என்றும் அவர் கூறுவர். ஆராய்ச்சியில் தோற்ற அவ்வுரையைப் போர்க்கலை ஆசிரியர் இன்றும் தம் மாணவர்க்குக் கூறிவருகின்றனர். அவர்களை யான் குறை கூறேன்.

ஆசிரியரைச் சீனர் ஷிஃபு என்றழைப்பர். ‘ஷி’ ஆசிரியன், ‘ஃபு’ தந்தை. மாணாக்கனுக்குப் பெயர் தூதி. அதில் ‘தூ’ பின்பற்றுவோன், ‘தி’ தம்பி. ஆசிரியரின் மனைவி தாய். ஆசிரியரின் ஆசிரியர் பாட்டனார். உடன் பயில்வோர் அண்ணன் தம்பியர், அக்காள் தங்கையர். இம்முறை வயதைப் பற்றி எழாது. சேர்ந்த நாளைப் பற்றியே எழும். பதினைந்து வயதுச் சிறுவன் முற்படச் சேர்ந்தவனாயின், பிற்படச் சேர்ந்த நாற்பது வயதினர் அவனை அண்ணன் என்றே அழைத்தல் வேண்டும். நம் நூலோர் ஒருசாலை மாணாக்கர் என்று கூறி அமைந்தனர். சீனர் அச்சாலையை ஒரு குடும்பமாகவே ஆக்கிவிட்டனர். ஒருநாள் ஆசிரியராயிருந்தவர் வாழ்நாள் முழுதும் தந்தையாவார் என்பதும் அவர்தம் வழக்கு. இவ்வுறவினை மனங்கொள்ளாது ஆசிரியரின் கண்டிப்பை அளத்தல் பிழையாம். தந்தை மகனைக் கடியலாம். ஆயின் அவனைத் தக்கவனாக்கும் பொறுப்பினின்றும் விலகுதல் அவருக்கு எளிதன்று.

இனி அக்குடும்பத்துட் புகுமாறு எங்ஙனம் என்பதை நோக்குவாம். பழைய முறையில் பொருள் கொடுத்து மட்டும் ஒருவன் மாணாக்கனாதல் அரிது. ஆசிரியர் நன்கறிந்த ஒருவர் அவனை அழைத்துவந்து, அவனது ஒழுக்கத்திற்குத் தாம் பிணை நிற்றல் வேண்டும். அதன்பின்னும் ஆசிரியர் உடனே ஏற்றுக்கொள்ளார். மாணவன் மூன்றாண்டு ஆசானைத் தேடுவான், ஆசான் மூன்றாண்டு மாணவனைச் சோதிப்பான் என்பது வழக்கு. இச்சோதனை வெறும் செருக்கினால் எழுந்ததன்று. கற்பிக்கப்படுவது பிறர் எலும்பை முறிக்கும் கலை. அதனைக் கற்றவன் சந்தையிற் சென்று ஒருவனை அடித்து வீழ்த்தினால் பழி ஆசிரியர் பெயரையும் சாரும். ஆகவே சினம் அடங்காதவனையும், குடியனையும், விரைவில் வீரனாக விழைவோனையும் வாயிலிலேயே அறிந்து விலக்குதல் ஆசிரியர்க்குத் தற்காப்பாகவும் ஊர்க்குக் காப்பாகவும் இருந்தது.

சோதனை முடிந்தபின் நிகழும் சடங்கிற்குப் பைஷி என்று பெயர். மாணவன் தன் பெயர், ஊர் முதலியவற்றோடு அடக்க உறுதியையும் எழுதிய தாளொன்றைக் கொடுத்து, மண்டியிட்டு நிலத்தில் தலைபட வணங்கி, ஆசிரியர்க்குத் தேநீர் ஏந்துவான். அவர் அதனை அருந்திவிட்டால் உறவு உறுதியாயிற்று. கிறிஸ்தவ மாணாக்கனாகிய எனக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழுந்தது. மனிதர்முன் தலை நிலத்திற் பட வணங்கலாமோ? இவ்வையம் எனக்கு முன்னரே பெரியோர் பலர்க்கு எழுந்து, திருச்சபையை அலைக்கழித்திருக்கின்றது. கன்பூசியஸுக்கும் முன்னோர்க்கும் சீனர் செய்யும் வணக்கம் சமய வழிபாடா, நன்றியறிதலா என்ற வாதத்தில் 1715-ஆம் ஆண்டு அதனைத் தடுத்து ரோமாபுரியினின்றும் கட்டளை பிறந்தது. 1939-இல் அதே ரோமாபுரி அவ்வணக்கத்தைக் குடிமை மரபு எனக் கொண்டு பெரும்பாலும் அனுமதித்தது. இருநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட வாதத்தை யான் இரண்டு வரியில் தீர்த்துவிட்டதாக எண்ணேன், மேலே செல்வாம்.

வாயில் இத்துணைக் கடுமையாய் அடைக்கப்பட்டிருந்தமையால், சீனப் போர்க்கலை வரலாற்றில் சுவர்ப்பிளவு வழியாக ஒளிந்து நோக்கிய மாணவர் கதைகள் மலிந்துள்ளன. ஹெபேய் மாகாணத்து யோங்னியனிற் பிறந்த யாங் லூச்சான் (1799-1872), ஹெனான் மாகாணத்துச் சென்ஜியாகோ என்னும் சிற்றூரில் சென் சாங்ஷிங் (1771-1853) என்பாரிடம் தைஜிச்சுவான் கற்றவர். வெளியார்க்குக் கற்பிக்கப்படாத குடும்பக் கலையாதலின், அவர் அவ்வூரில் வேலையாளாய் அமர்ந்து இரவில் ஒளிந்து நோக்கிக் கற்றார் என்பது கதை. தியென்ஜின் நகரை அடுத்த ஊரிற் பிறந்த ஹுவோ யுவான்ஜியா (1868-1910) மெலிந்த உடலினராகையால் தந்தையார் அவர்க்குக் கலையைக் கற்பிக்க மறுத்தாரென்றும், அவரும் ஒளிந்தே கற்றாரென்றும் கூறுவர். தென்சீனத்து ஃபோஷான் நகரில் நாணயமாற்றுத் தொழில் செய்த சான் வாசுன் என்பார், மருத்துவர் லியுங் ஜான் தம் மாணவர்க்கு விங்சுன் கலையைக் கற்பித்தபோது கதவிடுக்கின் வழியே கண்டு கற்றார் என்பதும் அத்தகையதே. மூன்று மாகாணங்களில் மூன்று சுவர்கள். மூன்றிலும் பிளவு இருந்தது போலும்! இவற்றை வரலாறென்று கொள்ளாது, அம்மக்கள் தம் ஆசிரியரைப்பற்றி என்ன நினைத்தனர் என்பதற்குச் சான்றாகக் கொள்வதே தக்கது.

இக்கதைகளைப் படிக்குந்தோறும் ஏகலைவன் நினைவு வருதலைத் தவிர்க்க இயலவில்லை. அவனும் மறுக்கப்பட்டவன், அவனும் ஆசிரியர் அறியாது கற்றவன். ஆயின் முடிவு நேர்மாறானது. துரோணர் கட்டைவிரலைக் கேட்டார். சென் சாங்ஷிங்கோ, ஒளிந்து கற்ற வேலையாளின் திறத்தைக் கண்டபின், திருட்டை மன்னித்து அவனை மாணாக்கனாக ஏற்றார் என்று சீனர் கூறுவர். இத்துணை ஆவல் உடையவன் சோதனையில் தேறியவனே என்பது அவ்வாசிரியரின் கருத்தாயிருத்தல் வேண்டும். வாயிலைக் காத்தவரின் கண்டிப்பு எதன்பொருட்டு என்பது இவ்விடத்தில் நன்கு விளங்குகின்றது.

வாயிலுட் புகுந்தவனுக்கு முதலிற் கற்பிக்கப்படுவது யாது? அடியா, உதையா? இரண்டும் அல்ல. அவனை நிற்கச் சொல்வர். மாபு எனப்படும் குதிரைநிலையே பல பள்ளிகளில் முதற்பாடம். கால்களைத் தோளின் அகலத்திற்கு ஏறக்குறைய இருமடங்கு அகற்றி, பாதங்களை நேர்முன்னே நோக்கவைத்து, தொடைகள் தரைக்கு இணையாகும்வரை தாழ்ந்து, முதுகை நிமிர்த்தி, கைகளை முட்டியாக்கி இடுப்பில் வைத்து, குதிரைமேல் இருப்பவன்போல அசையாது நிற்றல் வேண்டும். பள்ளிதோறும் சிறுசிறு வேறுபாடுகள் உண்டு, வலி ஒன்றே. பழைய ஆசிரியர்க்குக் கடிகாரம் ஊதுவத்தி. அதனைக் கொளுத்தி வைத்து, அஃது எரிந்து தீருமளவும் நிற்குமாறு பணிப்பர். மாணவன் ஏன் என்று கேட்டால் விடை கிடைப்பதில்லை.

எனக்கு இதனைப் படித்துவிட்டு வாளாவிருக்க மனமில்லை. ஒருநாள் மாலை எங்கள் விடுதித் தாழ்வாரத்தில் கதவை நோக்கிக் குதிரைநிலையில் நின்றேன். அரை நிமிடம்வரை ‘இவ்வளவுதானா’ என்ற எண்ணம். ஒரு நிமிடத்தில் தொடைகள் எரியத் தொடங்கின. பின்னர் அவை என் ஆணையின்றியே நடுங்கின. தோள்கள் காதுவரை உயர்ந்திருந்தன என்றும், மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன் என்றும், முதுகு முன்சாய்ந்து இடுப்பு மேலெழுந்துவிட்டது என்றும் அறைத்தோழன் கூறியபின்னரே அறிந்தேன். இரண்டு நிமிடம் நிறையுமுன் கீழே அமர்ந்துவிட்டேன். மறுநாள் நூலகப் படிகளில் இறங்கியபோது கைப்பிடிச் சுவரே துணையாயிற்று.

அந்தத் தோல்வியால் ஒன்று கற்றேன். தசை நீளாமலும் குறுகாமலும் பாரந்தாங்கி நிற்குங்கால் அதனுட் குருதி ஓடுவது தடைப்படுகின்றது. ஆதலின் ஓடுவதினும் விரைவில் களைப்பு மேலிடுகின்றது. களைத்தவுடன் உடல் ஏமாற்றத் தொடங்குகின்றது. வேண்டாத தோளை உயர்த்தும், வேண்டாத தாடையை இறுக்கும், பாரத்தை எலும்பின்மேலும் மூட்டின்மேலும் தள்ளும். இவ்வேமாற்றுகள் ஒவ்வொன்றும் பின்னர்க் குத்தும்போதும் வெட்டும்போதும் குற்றமாய் வந்து நிற்கும். சீனப் போர்க்கலையார் கொள்கைப்படி கையின் வலிமை கையிற் பிறப்பதன்று. நிலத்தை மிதிக்கும் காலிற் பிறந்து, இடுப்பால் திருப்பப்பட்டு, தோள்வழி ஓடிக் கையில் வெளிப்படுவது. இடையில் ஓரிடம் இறுகிப்போயினும் அவ்வாறு அடைபடும். எவ்விடம் இறுகுகின்றது என்பதை வாயாற் கூறின் மாணவன் தலையசைப்பான்; உணரமாட்டான். ஊதுவத்தியின் நடுப்பகுதி எரியும்போதுதான் அவன் உடல் அதனை அவனுக்குக் கூறுகின்றது. ஆசிரியர் வாய் திறவாதிருந்தமைக்கு இதனினும் நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. சண்டை மூட்டுதற்கென்றே கற்கவந்தோர் ஒரு திங்களுக்குள் தாமே நீங்கிவிடுவர் என்பது கூடுதற் பயன்.

ஹெனான் மாகாணத்தில் சோங் மலையடியிலுள்ள ஷாவோலின் மடத்து ஆயிரம் புத்தர் மண்டபத்தில், கல் பாவிய தரையில் வரிசையாக 48 குழிகள் காணப்படுகின்றன. துறவியர் தலைமுறை தலைமுறையாக மிதித்துப் பயின்றமையால் அவை விழுந்தன என்பர். இம்மடத்தின் பெயரைக் கேட்டவுடன் போதிதருமரைப் பற்றிக் கூறுமாறு தமிழ் நண்பர் கேட்பது வழக்கம். தென்னிந்தியாவினின்றும் சென்று சீனத்தில் தியான நெறியைப் பரப்பியவராக அவரை மரபு போற்றுகின்றது. அவரே போர்க்கலையையும் கற்பித்தார் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் தசைப்பயிற்சி நூல் 17-ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் பழைய முன்னுரைகள் போலியானவை. இதனைச் சீன ஆராய்ச்சியாளர் தாங் ஹாவோ (1897-1959) முதலியோர் காட்டியுள்ளனர். நம் பெருமைக்கு வேறு மெய்யான சான்றுகள் பல உள. ஆதலின் இதனை விட்டுவிடுதலால் இழப்பொன்றுமில்லை.

வலியைப் பொறுத்தலுக்குச் சீனர் கூறும் பெயர் ‘கசப்பை உண்ணல்’. இச்சொல்லை மேனாட்டார் பலர்க்கு அறிமுகம் செய்தவர் மார்க் சால்ஸ்மன் என்னும் அமெரிக்க இளைஞர். அவர் 1982-இல் ஹுனான் மாகாணத்துச் சாங்ஷா நகர் சென்று, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் இரண்டாண்டு ஆங்கிலம் கற்பித்தார். (அக்கல்லூரி ஆதியில் மிஷன் தொடர்பால் எழுந்தது என்பதும், அதனைத் தோற்றுவித்தோருள் முதல்வராகிய டாக்டர் எட்வர்ட் ஹியூம் 1876-இல் நம் இந்தியாவில் அகமதுநகரில் மிஷனரிக் குடும்பத்திற் பிறந்தவர் என்பதும் நம் கல்லூரியார் அறிந்து மகிழத்தக்கன.) அந்நகரில் மாகாணப் போர்க்கலைக் குழுவினரைப் பயிற்றிய பான் சிங்ஃபூ என்பாரிடம் சால்ஸ்மன் கற்க விழைந்தார். சுவரில் அறைந்த இரும்புத் தகட்டை நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை குத்திக் குத்திக் கைம்முட்டியை இரும்பாக்கியவர் அவர். கசப்பை உண்ண இயலுமா என்று அவ்வாசிரியர் முதலிற் கேட்டார், பின்னரே இசைந்தார். இசைவுக்கு ஈடாக அவர் வேண்டியது ஆங்கிலப் பாடம். காலையில் ஒருவர் ஷிஃபு, மற்றொருநேரம் மற்றவர் ஆசிரியர்! கைம்முட்டியில் தோல் தடித்த அம்மனிதர் அயல்மொழிச் சொற்களோடு மல்லாடிய காட்சியை எண்ணுங்கால், கசப்பைப் பிறர்க்கு ஊட்டுவோர் தாமும் ஒருகால் உண்ணுதல் எத்துணை நன்று என்று தோன்றுகின்றது. சால்ஸ்மன் இவ்வரலாற்றை 1986-இல் நூலாக வெளியிட்டார். பின்னர் அது திரைப்படமாயிற்று. இருவரும் தத்தம் பாத்திரத்தைத் தாமே நடித்தனர்.

இதுகாறும் கண்டிப்பின் நல்ல பக்கத்தைக் கூறினேன். மற்றொரு பக்கமும் உண்டு. மாணவனுக்கு முற்றும் கற்பித்தால் ஆசான் பட்டினி கிடப்பான் என்பதும் சீனப் பழமொழியே. பூனை புலிக்கு எல்லாப் பாய்ச்சலையும் கற்பித்து, மரமேறுதலை மட்டும் மறைத்துவைத்ததாம். கற்று முடித்த புலி ஆசிரியையையே தின்னப் பாய, பூனை மரத்திலேறி உயிர் தப்பிற்றாம். இக்கதையை நம்பிய ஆசிரியர் தலைமுறைதோறும் ஒரு பாய்ச்சலை மறைத்துவந்தனர் என்று கொள்வோம். ஐந்தாந் தலைமுறையில் எஞ்சுவது என்ன? கலைகள் பல இங்ஙனமே தேய்ந்தன என்பது சீன ஆசிரியர் தாமே கூறும் குறை. பவணந்தி முனிவர் நன்னூலில் நல்லாசிரியர் அல்லாதார்க்கு மடற்பனையை உவமையாக்கினார். அது தானாக உதிர்க்கும்போது பொறுக்கிக்கொள்ளலாம். நெருங்கிப் பறித்தல் இயலாது. கண்டிப்பு என்னும் போர்வைக்குள் மடற்பனைகள் பல நின்றிருக்கின்றன. மாணவனைக் குதிரைநிலையில் நிறுத்திவிட்டுத் தாம் அப்பாற் சென்றுவிடுவோரும், நின்றவனின் தோளைத் தொட்டுத் தாழ்த்துவோரும் பார்ப்பதற்கு ஒரே கண்டிப்பினர் போலவே தோன்றுவர்.

இவ்வேறுபாட்டை ஒரே குடும்பத்தினுட் காணலாம். மேற்கூறிய யாங் லூச்சான் பின்னர்த் தலைநகராகிய பெய்ஜிங் சென்று, அரச குடும்பத்தாருக்கும் அவர்தம் காவலருக்கும் ஆசிரியராய், ‘வெல்லற்கரிய யாங்’ எனப் பெயர் பெற்றார். தம் மைந்தர்க்கு அவர் அளித்த பயிற்சி மிகக் கொடியது. அதனைத் தாங்காது அவர்கள் வீட்டைவிட்டு ஓட முயன்றனர் என்றுகூட அக்குடும்பத்துச் செவிவழிச் செய்தி உண்டு. மூத்தவர் யாங் பன்ஹௌ (1837-1892) பெரும் வீரராயினார், ஆயின் முன்கோபி. மாணவரோடு பயிலுங்காலும் கை தாழ்த்தாமையின் அவரிடம் நிலைத்தோர் சிலரே. இளையவர் யாங் ஜியென்ஹௌ (1839-1917) இன்சொல்லினர். அவரை நாடினோர் பலர். வியப்பு யாதெனில், அடுத்த தலைமுறையிலும் இதே கதை நிகழ்ந்தது. ஜியென்ஹௌவின் மூத்த மைந்தர் ஷாவோஹௌ (1862-1930) பெரிய தந்தையைப் போன்ற கடுங்கையினர்; மாணவர் அஞ்சி ஒதுங்கினர். இளைய மைந்தர் செங்ஃபூ (1883-1936) தந்தையைப் போன்ற பொறுமையுடையவர். இன்று உலகெங்கும் பூங்காக்களில் விடியற்காலை முதியோரும் இளையோரும் மெல்லென அசைந்து பயிலும் தைஜிச்சுவானில் பெரும்பகுதி இச்செங்ஃபூவின் வழி வந்தது. சீன அரசினர் 1956-இல் பொதுமக்களுக்கென வகுத்த 24 நிலைகளும் அவர் மரபையே அடியாகக் கொண்டன. 2020-இல் யுனெஸ்கோ தைஜிச்சுவானை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தது. கடுங்கையர் இருவரும் திறத்தில் எவர்க்கும் குறைந்தவரல்லர். அவர்தம் திறத்தில் மிகுதி அவரோடு மறைந்தது.

அங்ஙனமாயின் பழமொழி பொய்யா? செங்ஃபூவிடம் கற்ற ஜெங் மான்சிங் (1902-1975) எழுதியிருப்பதைக் காண்க. உடலைத் தளர்த்துக, முற்றும் தளர்த்துக என ஆசிரியர் நாள்தோறும் பலமுறை கூறுவாராம். இக்கட்டளையை அவர் ஒருபோதும் கைவிடவில்லையாம். அடியும் இல்லை, வசையும் இல்லை. ஆனால் ‘இது போதும்’ என்ற சொல்லும் இல்லை. கண்டிப்பு கையில் இருந்ததா, அளவுகோலில் இருந்ததா என்று வினவினால், யாங் குடும்பத்து இளையவர் இருவரும் அளவுகோலில் வைத்தனர் எனலாம். மூத்தவர்கள் இரண்டிலும் வைத்தனர். எங்கள் வகுப்பில் கடிந்துபேசும் ஆசிரியரே கண்டிப்பானவர் என்றும், புன்னகையோடு கட்டுரையைத் திருப்பிக்கொடுத்து மீண்டும் எழுதச் சொல்பவர் எளியவர் என்றும் கருதுவோர் உளர். மூன்றாம் முறை திருப்பப்பட்ட கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டே இதனை எழுதுகின்றேன்.

வாயிலைப் பற்றிய வழக்கு 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முற்றிற்று. அதற்கு முன்னர் ஒரு பெருந்துயரம் நிகழ்ந்தது. வடசீனத்தில் வறட்சியும், அயல்நாட்டார் ஆதிக்கத்தின்மேல் எழுந்த சினமும் கூடிய காலத்தில், முட்டிப்போர் பயின்ற சிற்றூர்க் கூட்டத்தார் மந்திரங்களால் தம் உடலில் குண்டு பாயாது என்று நம்பி 1900-இல் கிளர்ந்தெழுந்தனர். மிஷனரிமாரும், பல்லாயிரவரான சீனக் கிறிஸ்தவரும் கொல்லப்பட்டனர். அந்நிய வல்லரசுகளின் படைகள் அக்கிளர்ச்சியை அடக்கியபோது அளவற்ற சீனக் குடிமக்களும் மடிந்தனர். இதன்பின் படித்த சீனர் போர்க்கலையை மூடநம்பிக்கைக்கு உடன்பிறப்பாகவே எண்ணலாயினர். மறைவில் கற்பிக்கும் முறை அவ்வெண்ணத்திற்கு வலியூட்டிற்று.

அம்மறைவை நீக்க முற்பட்டது 1910-இல் ஷாங்காயில் ஹுவோ யுவான்ஜியாவின் பெயரால் தோன்றிய ஜிங்வூ சங்கம். அவர் அவ்வாண்டிலேயே இறந்தார். அவர்தம் மாணவரும் வணிகர் சிலரும் சங்கத்தை வளர்த்தனர். இங்கே பிணையாளர் வேண்டியதில்லை, மறைபொருளும் இல்லை. வெவ்வேறு மரபினர் ஒரே கூரையின்கீழ்ப் படிமுறையாகப் பாடம் நடத்தினர். பெண்களுக்கும் வகுப்பு இருந்தது. 1920-ஆம் ஆண்டுகளில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதன் கிளைகள் எழுந்தன.

1928-இல் அரசினர் ஆதரவில் நான்ஜிங் நகரில் மத்திய போர்க்கலைக் கழகம் நிறுவப்பட்டது. அதன் தலைவர் ஜாங் ஜிஜியாங் (1882-1966) என்னும் படைத்தலைவர். நோயுற்றிருந்த தாம் தைஜிச்சுவான் பயின்று நலம்பெற்றமையால் அக்கலையின்பால் அவர் ஈடுபட்டார் என்பர். நமக்கு வியப்பளிப்பது, அவர் ஆழ்ந்த பற்றுள்ள கிறிஸ்தவர் என்பதே. முட்டிப்போர்க் கூட்டத்தார் ஆலயங்களைக் கொளுத்தி 28 ஆண்டுகளே சென்றிருந்தன. அதே முட்டிப்போரை நாட்டின் கலையாக்கும் பொறுப்பு, வேதாகமத்தைக் கையிலேந்திய ஒருவரிடம் வந்து சேர்ந்தது. கழகத்தில் முதலில் ஷாவோலின், வுடாங் என இருபிரிவு வகுத்தனர். ஆசிரியரிடையே பூசல் மூண்டமையால் அப்பிரிவினையை விரைவில் எடுத்துவிட்டனர். மாணவரை மூன்றாண்டு சோதித்த ஆசிரியர்களைச் சோதிப்பார் அதுவரை இல்லை போலும்.

வாயில் திறந்தபின் இழப்பு ஏதுமில்லையா? உண்டு. ஆசிரியர் ஒருவர் முன் நாற்பது பேர் வரிசையில் நின்றால், நாற்பது தோள்களையும் தொட்டுத் தாழ்த்த அவர்க்குக் கை ஏது? இக்குறை இன்றும் தீரவில்லை. இதற்கு ஃபோஷான் நகரத்து விங்சுன் மரபு நல்ல எடுத்துக்காட்டு. கதவிடுக்கில் நோக்கியவராகக் கூறப்படும் சான் வாசுன், பின்னர்த் தாமே ஆசிரியராகி, 36 ஆண்டுகளில் 16 பேருக்கே கற்பித்தார் என அவர் மாணவர் எழுதிவைத்துள்ளார். அவருள் இறுதியாகச் சேர்ந்த சிறுவன் இப் மான் (1893-1972). செல்வர் வீட்டுப் பிள்ளை கசப்பை உண்ணமாட்டான் என்று ஆசிரியர் முதலில் மறுத்தாராம். ஏற்றபின்னரோ, முதுமையால் தம் நாள் முடிவதைக் கண்டு, தொடங்கிய பாடத்தை முடித்துவைக்குமாறு மூத்த மாணவர் ஒருவரிடம் அச்சிறுவனை ஒப்படைத்துச் சென்றார் என்பர். ஷிஃபு என்னும் சொல்லின் பிற்பாதிக்கு இதனினும் விளக்கம் வேண்டுவதில்லை.

இப் மான் நடுவயது கடந்து வறியவராய் ஹாங்காங் சேர்ந்து, 1950-இல் உணவுவிடுதித் தொழிலாளர் சங்கத்தில் வகுப்புத் தொடங்கினார். ஆசிரியர் 16 பேருக்குக் கற்பித்ததை அவர் எண்ணற்றோர்க்குக் கற்பித்தார். உலகறிந்த புரூஸ் லீயும் அவருள் ஒருவர். அவர் கற்பித்த முதற்பாடத்தின் பெயர் சியூ நிம் தாவ். ‘சிறு எண்ணம்’ என்பது பொருள். தொடக்கமுதல் இறுதிவரை அதில் ஓரடியும் எடுத்துவைத்தல் இல்லை. முழங்கால்களை உள்நோக்கி வளைத்து நின்ற இடத்திலேயே நின்று, கைகளை மட்டும் மெதுவாக இயக்குதல் வேண்டும்.

1972-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், தொண்டைப் புற்றுநோயால் மெலிந்திருந்த அம்முதியவர் ஹாங்காங்கில் தம் இல்லத்தில் ஒரு சிறு திரைப்படக் கருவியின்முன் நின்று, முதற்பாடத்தையும், அடுத்த பாடத்தையும், மரப்பாவையோடு பொரும் பயிற்சியையும் செய்துகாட்டினார். தாம் மறைந்தபின் மாணவர் தத்தமக்குத் தோன்றியவாறு மாற்றிவிடாதிருக்க அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதே கருத்து. ஒலியில்லாத அப்படத்தை இன்று எவரும் காணலாம்; சுவர்ப்பிளவு தேடவேண்டியதில்லை. வீட்டுடை அணிந்த மெலிந்த கிழவர் ஒருவர் நிற்கின்றார். முழங்கை மார்புக்கு நேரே மிக மெதுவாக வருகின்றது. வலி உளது என்பது தெரிகின்றது, நிலை குறையவில்லை. அதன்பின் சில நாட்களில், டிசம்பர் 1-ஆம் தேதி, தம் 79-ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார்.